ஒரு நதியின் பழங்கணக்கு

1922-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 24-ஆம் தேதியன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கிலுள்ள சாண்டா ஃபே நகரில், ஏழு மாகாணங்களின் பிரதிநிதிகள், பிற்காலத்தில் அந்நாட்டின் ஜனாதிபதிப் பதவியை வகித்த ஹெர்பர்ட் ஹூவரைத் தலைவராகக் கொண்டு, கொலராடோ நதியின் நீரைத் தங்களுக்குள் பாகம் செய்துகொள்ளும் உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டார்கள். நதியின் மேற்பகுதி மாகாணங்களுக்கு ஆண்டொன்றுக்கு 75 இலட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்பகுதி மாகாணங்களுக்கும் அவ்வாறே 75 இலட்சம் ஏக்கர் அடி என்பது அந்தப் பாகத்தின் சாராம்சம். ஓர் ஏக்கர் நிலத்தின்மீது ஓரடி உயரத்துக்குத் தேங்கி நிற்கக்கூடிய நீரே ஏக்கர் அடி எனப்படுவது. ஏறக்குறைய 1,233 கன மீட்டர். பிறகு 1944-இல் மெக்ஸிகோ நாட்டுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அந்நாட்டுக்கும் 15 இலட்சம் ஏக்கர் அடி விடுவதாக ஏற்பட்டமையால், காகிதத்தின்மீது கொலராடோ நதி ஆண்டுதோறும் 165 இலட்சம் ஏக்கர் அடி நீரைத் தரக் கடமைப்பட்டதாயிற்று.

இந்தக் கடமையை விதித்தவர்கள் நதியின் வரவை எத்தனை காலம் அளந்து பார்த்திருந்தார்கள் என்று விசாரித்தால் விடை வியப்பளிப்பதாகவே இருக்கிறது. மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் பிரியும் இடமாகக் குறிக்கப்பட்ட லீஸ் ஃபெரி என்னும் துறையில் நீரளவு நிலையம் அமைந்ததே 1921-இல்தான். அதற்கு முந்திய காலத்துக்கு, வேறு இடங்களில் சுமார் இரண்டு தசாப்தங்களாக எடுக்கப்பட்டிருந்த அளவைகளையே அவர்கள் ஆதாரமாகக் கொள்ள வேண்டியிருந்தது. அவை 160 இலட்சம் ஏக்கர் அடிக்கு மேற்பட்ட சராசரியைக் காட்டின. எச்சரித்தவர் எவரும் இல்லை என்று சொல்வதற்கில்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த லா ரூ என்னும் நீரியல் நிபுணர், நதியில் அத்தனை நீர் கிடையாது என்று அந்த நாட்களிலேயே எழுதினார். ஆனால் பெரிய அணைகளைக் கட்டவும் பாலையை விளைநிலமாக்கவும் மாகாணங்கள் ஆவல்கொண்டிருந்த வேளையில், குறைந்த எண்ணிக்கையைச் சொன்னவரைவிட நிறைந்த எண்ணிக்கையைச் சொன்னவருக்கே செவி கொடுக்கப்பட்டது. இருபது வருஷத்து அளவு நதியின் இயல்பைக் காட்டுமா, அல்லது அந்த இருபது வருஷத்தின் அதிர்ஷ்டத்தைத்தான் காட்டுமா என்பதைத் தீர்ப்பதற்கு, மனிதன் அளக்கத் தொடங்கு முன்னரே அந்தப் பிரதேசத்தில் நின்றுகொண்டு, ஒவ்வோர் ஆண்டின் ஈரத்தையும் தன் உடம்பில் பதிந்துகொண்டிருந்த சாட்சி ஒன்று தேவைப்பட்டது. அத்தகைய சாட்சிகள் அந்த மலைச்சரிவுகளில் ஆயிரக்கணக்கில் இருந்தன.

குளிர்காலம் என்றும் வேனில் என்றும் பருவங்கள் தெளிவாகப் பிரிந்திருக்கும் தேசங்களில், ஊசியிலை மரம் ஒன்று வசந்தத்தின் தொடக்கத்தில் விழித்தெழுந்து, பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய வளர்படலத்திலிருந்து, அகன்ற உள்ளிடமும் மெல்லிய சுவரும் உடைய உயிரணுக்களை வெளிறிய நிறத்தில் அடுக்கிக்கொண்டே செல்கிறது. கோடை முதிர முதிர அணுக்கள் சிறுத்து, சுவர் தடித்து, நிறம் கறுத்து, குளிர் வந்ததும் வேலை நின்றுபோகிறது. வெளிறிய வரியும் கறுத்த கோடும் சேர்ந்து ஒரு வருஷம். அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் நடுவில் மரத்தின் பாலிய வயதும், பட்டையை ஒட்டி, சென்ற ஆண்டும் இருக்கக் காண்கிறோம். இவ்வளவும் பண்டைக் காலத்திலிருந்தே மரம் வெட்டுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். வளையத்தை எண்ணி வயது சொல்வதற்கும், வளையத்தை வாசித்து மழையைச் சொல்வதற்கும் இடையே உள்ள தூரத்தைக் கடந்தவர், விந்தையாக, ஒரு வானசாஸ்திரி.

ஆண்ட்ரூ எலிகாட் டக்லஸ் என்பது அவர் பெயர். அரிஜோனாவிலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் என்னும் ஊரில் பெர்சிவல் லவல் நிறுவிய வானாய்வுக்கூடத்துக்கு 1894-இல் வந்து சேர்ந்தவர். செவ்வாய்க் கிரகத்தில் கால்வாய்கள் இருப்பதாக லவல் கொண்டிருந்த உறுதியை ஐயுற்றதன் பலனாக 1901-இல் உத்தியோகத்தை இழந்தார். சூரியனில் பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் கரும்புள்ளிகள் பூமியின் மழையைப் பாதிக்குமாயின், அம்மழையைக் குடித்து வளரும் மரங்களிலும் பதினோராண்டுத் தாளம் தென்படவேண்டும் என்பது அவருடைய அநுமானம். ஆகவே 1904 முதல் மரத்துண்டுகளைச் சேகரித்து வளையங்களை அளக்கத் தொடங்கினார். சூரியனுக்கும் மரத்துக்கும் அவர் கற்பித்த சம்பந்தம் கடைசிவரை ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. தேடியது கைகூடாமல், தேடாத வேறொன்று, அதனினும் பெரியது, கைகூடிற்று. ஃபிளாக்ஸ்டாஃப் மரங்களில் கண்ட குறுகிய வளையங்களும் அகன்ற வளையங்களும் எந்த வரிசையில் மாறிமாறி வந்தனவோ, அதே வரிசையில், பல காதம் தள்ளியுள்ள பிரெஸ்காட் ஊர் மரங்களிலும் வந்திருப்பதை 1911-இல் அவர் கண்டார். ஒரு மரத்தை ஆடு கடித்திருக்கலாம், மற்றொன்றின் கிளையை மின்னல் முறித்திருக்கலாம்; ஆனால் நூற்றுக்கணக்கான மரங்கள் ஒரே வருஷத்தில் இளைத்திருக்குமானால், அந்தப் பிரதேசத்தில் அவ்வாண்டு மழை பொய்த்தது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம்.

இந்த ஒப்புநோக்கும் முறையே இச்சாஸ்திரத்தின் உயிர்நிலை. எண்ணுவது மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது, ஏனெனில் மரமும் பிழை செய்கிறது. கடும் வறட்சி ஆண்டில் அடிமரத்தின் ஒரு பக்கத்தில் வளையமே உண்டாகாமல் போய்விடுவதுண்டு. வேறோர் ஆண்டில், நடுக்கோடையில் உலர்ந்து வளர்ச்சி தடைப்பட்ட மரம், பிறகு பெய்த மழையால் மறுபடி வளர்ந்து, ஒரே ஆண்டுக்கு இரண்டு வளையம் போன்ற தோற்றத்தைத் தந்துவிடும். உ. வே. சாமிநாதையரைப் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, ஒன்றில் எழுதுகிறவன் விட்டுவிட்ட அடியை மற்றொன்றிலிருந்து மீட்டு, ஒருவன் கண்மயங்கி இருமுறை எழுதிய அடியைப் பிறவற்றின் துணைகொண்டு நீக்கினார்கள் அல்லவா? மரவளைய ஆராய்ச்சியாளரும் அதைத்தான் செய்கிறார். ஒரு மரம் விட்ட ஆண்டை இன்னொரு மரம் சொல்லிவிடுகிறது. பல மரங்களை வைத்துச் சோதித்து, ஒவ்வொரு வளையத்துக்கும் ஓராண்டை, சற்றும் பிசகாமல், உறுதி செய்த பின்னரே அளவெடுக்கும் வேலை ஆரம்பமாகிறது. புவியின் பழமையை ஆராயும் பிற முறைகள் பலவும் "ஏறக்குறைய" என்ற அடைமொழியோடு பேசும்போது, இம்முறை மட்டும் குறிப்பிட்ட ஒரு வருஷத்தைச் சுட்டிப் பேசும் துணிவைப் பெற்றது இந்தப் பொறுமையினால்தான்.

ஒப்புநோக்கினால் வேறொரு லாபமும் உண்டு. உயிருள்ள மரத்தின் இளமைக்கால வளையங்கள், அதற்கு முன்பே வெட்டுண்டு ஒரு வீட்டின் உத்திரமாகிவிட்ட மரத்தின் முதுமைக்கால வளையங்களோடு பொருந்துமானால், வரிசையைப் பின்னோக்கி நீட்டலாம். அந்த உத்திரத்தினும் பழைய உத்திரம் கிடைத்தால் இன்னும் நீட்டலாம். அரிஜோனாவிலும் நியூ மெக்ஸிகோவிலும் பூர்வகுடிகள் கல்லால் கட்டி, பிறகு கைவிட்டுச்சென்ற பேரூர்கள் பல பாழடைந்து கிடந்தன. அவற்றின் உத்திரங்களிலிருந்து டக்லஸ் 585 ஆண்டுகள் நீண்ட ஒரு தொடரை அமைத்துவிட்டார். ஆனால் அத்தொடர் எந்த நூற்றாண்டுக்கு உரியதென்று தெரியவில்லை. உயிருள்ள மரங்களிலிருந்து பின்னோக்கிச் சென்ற தொடரோ பதின்மூன்றாம் நூற்றாண்டை எட்டியதும் நைந்துபோயிற்று. இரண்டுக்கும் இடையே இணைப்பு இல்லை. தேசிய புவியியல் சங்கத்தின் பொருளுதவியோடு 1923 முதல் நடைபெற்ற தேடுதல், 1929-ஆம் வருஷம் ஜூன் மாதம் 22-ஆம் தேதி ஷோ லோ என்னும் சிற்றூரில் நிறைவெய்திற்று. ஹார்கிரேவ், ஹௌரி என்னும் இளம் தொல்லியலாளர் இருவர் அகழ்ந்தெடுத்த, பாதி கரிந்துபோன ஓர் உத்திரம், அவர்கள் பெயரின் முதலெழுத்துகளோடு 39 என்ற இலக்கம் பெற்றது, 1237 முதல் 1380 வரையுள்ள வளையங்களைத் தன்னுள் வைத்திருந்தது. அன்றிரவே டக்லஸ் அதை ஆராய்ந்து இரு தொடர்களையும் பொருத்திவிட்டார், தொடர் கி.பி. 700 வரை சென்றது.

இடைவெளி எதனால் அந்த இடத்தில் விழுந்தது என்பது யோசிக்கத் தக்கது. இணைந்த தொடரில் 1276 முதல் 1299 வரையுள்ள வளையங்கள் நெருங்கிக் கிடந்தன. இருபத்து நான்கு ஆண்டுகள் நீடித்த ஓர் அநாவிருஷ்டியின் அடையாளம் அது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் அப்பிரதேசத்து மேசா வெர்டி முதலிய இடங்களில் வாழ்ந்த மக்கள் தங்கள் மலைமுழை இல்லங்களை விட்டுத் தெற்கேயும் கிழக்கேயும் பெயர்ந்தார்கள். மக்கள் பெயர்ந்தமையால் புது வீடுகள் எழவில்லை. வீடுகள் எழாமையால் உத்திரங்கள் அரிதாயின. மரங்களும் மெலிந்த வளையங்களையே இட்டன. எந்த வறட்சியைத் தேடினார்களோ அந்த வறட்சியே தன் சாட்சியங்களைக் குறைத்துவிட்டிருந்தது. அதற்காக, மழை பொய்த்ததால் ஒரு நாகரிகம் அழிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு உடன்பாடன்று. அதே மக்கள் அதற்கு முந்திய நூற்றாண்டிலும் கொடிய வறட்சியைக் கண்டு தாங்கியிருக்கிறார்கள். பகையும், மக்கட்பெருக்கமும், நிலத்தின் சோர்வும் சேர்ந்திராமல் மழையின்மை மட்டும் ஊரைக் காலி செய்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. மரம் மழையைச் சொல்லும். மனிதன் ஏன் போனான் என்பதை அது சொல்லாது.

நதிக்குத் திரும்புவோம். மரத்தின் வேர் நதியைத் தொடுவதில்லையே, அது நதியின் நீரளவை எவ்வாறு சொல்லும்? கொலராடோ நதியின் நீரில் பெரும்பகுதி, ராக்கி மலைகளில் குளிர்காலத்தில் பெய்த பனி வசந்தத்தில் உருகுவதால் வருவது. அம்மலைச்சரிவுகளின் மரங்கள் வசந்தத்தில் வளரத் தொடங்கும்போது உறிஞ்சுவதும் அதே குளிர்காலத்தின் ஈரத்தைத்தான். காரணம் ஒன்று, காரியம் இரண்டு. ஒரு காரியத்தைக் கொண்டு மற்றொன்றை அநுமானிக்கலாம். ஆனால் எல்லா மரமும் இதற்குப் பயன்படுவதில்லை. ஓடைக்கரையில் செழுமண்ணில் நின்று, வேர் எப்போதும் நனைந்திருக்கும் மரம் நல்ல ஆண்டிலும் தீய ஆண்டிலும் ஒரே அளவான வளையத்தையே இடும். பார்வைக்கு அழகிய அந்த மரம் ஆராய்ச்சியாளருக்குப் பயனற்றது. பாறைச்சரிவில், மண் என்று சொல்லவே கூச்சப்படத்தக்க அளவு மண்ணில், பெய்த நீரெல்லாம் வழிந்தோட, கோணிக் குறுகி நிற்கும் கிழட்டு மரமே உத்தமமான சாட்சி. ஆண்டின் ஈரத்தில் சிறிது குறைந்தாலும் அதற்குத் தெரியும்.

அத்தகைய மரத்தை வெட்டவேண்டியதில்லை. உள்ளீடற்ற ஒரு துளைக்கருவியைக் கையால் திருகிச் செலுத்தி, ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் பருமனுள்ள நீண்ட மரக்குச்சி ஒன்றை உருவிக்கொள்கிறார்கள். மரம் தன் பிசினால் அந்தப் புண்ணை மூடிக்கொள்கிறது. குச்சியை உப்புத்தாளால் உயிரணுக்கள் தெரியும்வரை தேய்த்து மெருகேற்றி, உருப்பெருக்கியின் அடியில் வளையங்களை அளக்கிறார்கள். இளமையில் எந்த மரமும் அகன்ற வளையமிடும். முதுமையில், அடிமரம் பருக்கப் பருக்க, வளையம் குறுகும். வயதினால் வரும் இந்தச் சரிவைக் கணித முறையால் முதலில் நீக்கவேண்டும். பிறகு, நதி அளக்கப்பட்டுள்ள ஆண்டுகளில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு வளையத்துக்கும் நீர்வரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கண்டறிந்து, மறைத்து வைத்திருந்த மற்றப் பகுதியின் நீர்வரத்தை அந்த விகிதத்தால் ஊகித்துப் பார்க்கிறார்கள். ஊகம் உண்மை அளவோடு பொருந்தினால்தான், அளவையே இல்லாத நூற்றாண்டுகளுக்குள் அடியெடுத்து வைக்கும் உரிமை கிடைக்கிறது.

டக்லஸ் 1937-இல் அரிஜோனாப் பல்கலைக்கழகத்தில் ஏற்படுத்திய மரவளைய ஆராய்ச்சிக்கூடம் இத்துறைக்குத் தாய்வீடாயிற்று. சார்லஸ் ஸ்டாக்டன், கார்டன் ஜேக்கபி என்னும் இருவர் 1976-இல் லீஸ் ஃபெரியின் நீர்வரத்தை ஏறக்குறைய நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கணித்து வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட நெடுங்காலச் சராசரி 135 இலட்சம் ஏக்கர் அடி. அதனினும் முக்கியமானது வேறொன்று: அந்த நானூற்றைம்பது ஆண்டுகளில், இருபதாம் நூற்றாண்டின் முதல் மூன்று தசாப்தங்களைப் போல நீர் தொடர்ந்து பெருகியிருந்த காலம் வேறெதுவும் இல்லை. சாண்டா ஃபேயில் கூடிய பிரதிநிதிகள், நதி அரை ஆயிரம் ஆண்டுகளில் ஒருமுறை காட்டிய தாராளத்தை அதன் நித்திய குணமென்று எண்ணிப் பாகம் செய்திருந்தார்கள். 2006-இல் கூடுதலான மரங்களைக் கொண்டு செய்த கணக்குகள் சராசரியைச் சற்று உயர்த்தி 143 இலட்சத்துக்கும் 147 இலட்சத்துக்கும் இடைப்பட்டது என்று காட்டின; அப்படியும் பங்கிட்ட தொகைக்கு அது எட்டவில்லை. ஆராய்ச்சியாளர்களின் கணக்குகள் தம்முள் வேறுபடுவதைக் கண்டு இம்முறையையே நம்பலாகாது என்பாரும் உண்டு. பத்து இலட்சம் ஏக்கர் அடிக்காகத் தர்க்கம் செய்கிறவர்கள் இருசாராரும், உடன்படிக்கை கண்ட நீர் நதியில் இல்லை என்ற விஷயத்தில் ஒன்றுபட்டிருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

வறண்ட காற்றில் உளுக்காமல் நூற்றாண்டுக்கணக்காகக் கிடந்த பட்டமரக் கட்டைகளையும் சேர்த்துக்கொண்டு, டேவிட் மெக்கோவும் அவருடைய சகாக்களும் 2007-இல் தொடரைக் கி.பி. 762 வரை கொண்டுசென்றபோது, மேலும் கவலைக்குரிய செய்தி வெளிப்பட்டது. 1130 முதல் 1154 வரையுள்ள இருபத்தைந்து ஆண்டுகளில் நதியின் சராசரி வரத்து, இருபதாம் நூற்றாண்டுச் சராசரியில் ஏறக்குறைய 84 சதவிகிதமே. பதினாறு சதவிகிதக் குறைவு ஓராண்டுக்குச் சொற்பம். அணையில் சேமித்த நீர் அதை ஈடுசெய்துவிடும். ஆனால் கால் நூற்றாண்டு முழுவதும், இடையில் வெள்ள ஆண்டு என்று ஒன்று வந்து தேக்கத்தை நிரப்பாமல், ஆண்டுதோறும் குறைவாகவே இருக்கும் வரவை எந்த அணையும் தாங்காது. 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கீழ்ப்பகுதி மாகாணங்களுக்கு, உடன்படிக்கைக்குப் பின் முதல் தடவையாக, நீர்ப் பற்றாக்குறையை அரசாங்கம் முறைப்படி அறிவித்தது. அடுத்த ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, 2000 முதல் 2021 வரையுள்ள இருபத்திரண்டு ஆண்டுகள் அமெரிக்கத் தென்மேற்கில் குறைந்தது கி.பி. 800-க்குப் பின் கண்ட எந்த இருபத்திரண்டு ஆண்டினும் மண்ணீரம் வற்றியவை என்று மரவளையங்களைக் கொண்டு காட்டியது. மனிதனால் உண்டான வெப்ப ஏற்றத்துக்கு அதில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பங்கு உண்டென்றும் கணித்தது.

மரத்தின் சாட்சியத்துக்கும் எல்லை உண்டு. தாகத்தைச் சொல்வதில் அது சமர்த்தே அன்றி, அதிவிருஷ்டியைச் சொல்வதில் அத்தனை சமர்த்தன்று. வேண்டிய அளவு நீர் கிடைத்துவிட்ட பிறகு, மேலும் எத்தனை பெய்தாலும் வளையம் அதே விகிதத்தில் அகலுவதில்லை. ஆகையால் பழைய வெள்ள காலங்களைப் பற்றி வளையங்கள் தரும் எண்ணிக்கை உண்மைக்குச் சிறிது தாழ்ந்தே இருக்கும். இருநூறு ஆண்டு வாழ்ந்த மரம், வயதுச்சரிவை நீக்கும்போதே, ஐந்நூறு ஆண்டுகளில் மெல்ல நிகழும் மாறுதலைத் தொலைத்துவிடுகிறது என்பது மற்றொரு குறை.

நம் தேசத்துப் பருவமழையின் சரித்திரத்தையும் இவ்வாறு வாசிக்கலாமா? வெப்பமண்டலத்து மரங்களில் பெரும்பாலானவை தெளிவான ஆண்டு வளையம் இடுவதில்லை; குளிரால் உறங்காத மரத்துக்கு ஆண்டுக்கோடு எங்கிருந்து வரும்? தேக்கு ஒரு விலக்கு. வறண்ட மாதங்களில் இலையுதிர்த்து ஓய்ந்து, மழை வந்ததும் பெரிய நாளங்களை வரிசையாக இட்டுத் தொடங்குவதால் அதன் வளையம் வெறுங்கண்ணுக்கே புலப்படும். புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத்துத் தேக்குகளிலிருந்து 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகள் நீண்ட தொடரை அமைத்து, பசிபிக் கடல் வெம்மையுறும் எல் நினோவால் பருவமழை குன்றிய ஆண்டுகளில் வளையங்களும் குன்றியிருப்பதைக் காட்டினார்கள். அவ்வாறே, ஆசியாவின் முந்நூறுக்கு மேற்பட்ட மரத்தொடர்களைத் தொகுத்து எட்வர்ட் குக்கும் பிறரும் 2010-இல் வெளியிட்ட வறட்சி வரைபடத் தொகுதியில், தமிழகத்தார் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் நினைவில் வைத்திருக்கும் 1876–78 வறட்சி பளிச்சென்று தென்படுகிறது. சென்னை ராஜதானியின் மழைப்பதிவுகளும் பஞ்ச விசாரணை அறிக்கைகளும் அக்காலத்துக்கு ஏராளமாக இருப்பதால், அது மரங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கு வாய்த்த காலம். அந்தச் சோதனையில் தேறிய பிறகு, 1756 முதல் 1768 வரை இந்தியாவையும் தென்கிழக்காசியாவையும் வாட்டிய நெடிய வறட்சியைப் பற்றி அதே தொகுதி சொல்வதை, மழைமானியின் துணை இல்லாவிட்டாலும், மதிப்போடு கேட்கவேண்டியிருக்கிறது.

தேக்குத் தொடரை இன்னும் பின்னே கொண்டுசெல்வதற்கு மலபாரின் பழங்காடுகள் உதவா. கப்பல் கட்டுவதற்காக அங்கே முதிர்ந்த மரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள்ளேயே பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டன. 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வைக்க நேர்ந்ததும் அந்த மரப் பஞ்சத்தினால்தான். எஞ்சியிருப்பவை பழைய அரண்மனைகள், கோயில்கள், தறவாடு எனப்படும் பழங்குடும்ப வீடுகள் ஆகியவற்றின் உத்திரங்கள். ஆனால் தேக்கு ஆற்றில் மிதந்தும் கடலில் ஏறியும் தூர தேசம் சென்ற சரக்கு. ஓர் உத்திரத்தில் ஐந்நூறு வளையம் இருந்தாலும், அந்த மரம் எந்த மலையில் நின்று எந்த மழையைக் குடித்தது என்பதை, உயிருள்ள மரத்தொடர் ஒன்றோடு பொருத்திப் பார்த்து முதலில் நிச்சயித்தாக வேண்டும்.